வகுப்புள்ள நாளில் மூன்று கறி எதற்கு?

கேள்வி:

எனக்கு வயது 41. வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றில் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமி ஆகியோருடன் இருக்கிறேன். மகன் பிறந்தபோது வங்கி வேலையை விட்டேன். அவனுக்கு இப்போது ஒன்பது வயது. மகள் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறாள். சின்ன வயதிலிருந்தே எனக்குச் சட்டம் படிக்க ஆசை. போன வருடம் நாவல திறந்த பல்கலைக்கழகத்தில் சட்டமாணிப் படிப்புக்குத் தெரிவாகிச் சேர்ந்தேன். கணவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை வகுப்புக்கு வெளிக்கிடும்போதெல்லாம் களவெடுக்கப் போகிறவள் மாதிரி நெஞ்சு அடிக்கிறது. வகுப்புள்ள நாளில் விடியக்காலை மூன்றரைக்கே எழும்பி மூன்று கறி வைத்து, பின்னேரத்துக்குப் பலகாரமும் செய்து வைத்துவிட்டுத்தான் போவேன். மாமிக்கு நீரிழிவு. வாய் திறந்து ஒன்றும் சொல்லமாட்டா, ஆனால் நான் புத்தகம் எடுத்தால் முகம் மாறும். போன கிழமை மகள், "அம்மா எப்ப பார்த்தாலும் புத்தகத்தோடதான்" என்றாள். கனடாவில் இருக்கும் மச்சாள், "இந்த வயசில உனக்கு என்னத்துக்கு இது?" என்று கேட்கிறா. முதல் ஒப்படைக்கு நல்ல புள்ளி வந்தது. அது ஏதோ அதிர்ஷ்டம். இப்போது படிக்கிற ஒன்றும் தலையில் நிற்பதில்லை. நான் சுயநலக்காரியா? மகளின் பரீட்சை முடியும்வரை படிப்பை நிறுத்திவிடட்டா?

வாசகி, கொழும்பு 6

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் இரண்டு கேள்விக்கும் முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சுயநலக்காரி இல்லை. படிப்பை நிறுத்தவும் வேண்டாம். ஆனால் இப்போது போகிற மாதிரியே போனால், மகளின் பரீட்சை வருமுன்பே உங்கள் உடம்பு உங்களை நிறுத்திவிடும். அதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டியிருக்கிறது.

கடிதத்தில் என்னை மேலே வாசிக்க விடாமல் பிடித்துக்கொண்டது அந்த மூன்றரை மணியும் மூன்று கறியும்தான். மற்ற நாட்களில் என்ன சமைப்பீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. "வகுப்புள்ள நாளில்" என்று பிரித்துச் சொல்லியிருப்பதால், மற்ற நாட்களில் இவ்வளவு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு பருப்பு, ஒரு சொதி, கொஞ்சம் சம்பல் என்று உங்கள் வீட்டாரும் நிம்மதியாகச் சாப்பிடுகிறவர்களாகத்தான் இருப்பார்கள். உங்களுக்கென்று நீங்கள் வெளியே போகும் நாளில் மட்டும் கறி கூடுகிறது, பலகாரம் சேருகிறது, நித்திரை குறைகிறது. யாரும் கேட்காமலே தண்டம் கட்டுகிறீர்கள்.

ஆலோசனைக்கு வரும் பெண்களிடம் இதை நான் பல உருவங்களில் காண்கிறேன். பின்னேரம் வீணை வகுப்புக்குப் போய்வந்த தாய் அன்றிரவு முழு வீட்டையும் கூட்டிக் கழுவிவிட்டுத்தான் படுப்பார். வேலைப் பயிற்சிக்காகக் கண்டிக்குப் போனவர் திரும்பும்போது பிள்ளைகளுக்குக் கை கொள்ளாத சாமான்களோடு வருவார். தையல் கடை தொடங்கியவர், கடை திறந்த நாளிலிருந்து தனக்கென்று ஒரு சட்டைகூடத் தைத்திருக்கமாட்டார். செய்த குற்றம் என்ன என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. பரிகாரம் மட்டும் தவறாமல் நடக்கும்.

இதில் உள்ள ஆபத்தைச் சொல்கிறேன். நாம் என்ன செய்கிறோம் என்பதைப் பார்த்துத்தான் மனம் பாடம் படிக்கிறது. மூன்றாவது கறியை இறக்கி வைத்ததும் நெஞ்சு கொஞ்சம் ஆறுகிறது. அந்த ஆறுதலே, "அப்ப நான் ஏதோ பிழைதான் செய்யப்போறன்" என்ற நினைப்பை இன்னும் இறுக்கி விடுகிறது. அடுத்த சனிக்கிழமை அதே படபடப்பு திரும்ப வரும். சிலருக்கு அது கூடிக்கொண்டே போகும். மூன்று கறி போதாமல் நாலாகும். பதற்றத்துக்குச் சிகிச்சை செய்யும்போது, இப்படித் தற்காலிகமாக ஆற்றிவிடும் பழக்கங்களைத்தான் நாங்கள் முதலில் தேடுகிறோம். அவை இருக்கும்வரை அடியில் உள்ள பயம் அசையாது.

அதனால் உங்களிடம் நான் கேட்கும் முதல் காரியம் இதுதான். வருகிற வகுப்பு நாளில் மற்ற நாட்களில் எழும்பும் நேரத்துக்கே எழும்புங்கள். மற்ற நாட்களில் உள்ள சமையலையே செய்யுங்கள். பலகாரம் வேண்டாம். அன்று நெஞ்சு வழக்கத்தைவிடக் கூட அடிக்கும் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன். அடிக்கிற நெஞ்சோடேயே பஸ் ஏறுங்கள். குற்றவுணர்வு போனபிறகு நிம்மதியாகப் படிக்கலாம் என்று காத்திருக்கும் பெண்கள் பலரை எனக்குத் தெரியும். காத்திருப்பதால் அது போவதில்லை. தண்டம் கட்டாமல் போய்வந்தும் வீடு குலையவில்லை என்பதைச் சில கிழமைகள் மனம் கண்ணால் கண்டபிறகுதான் அது தணியத் தொடங்கும்.

குற்றவுணர்வு எல்லாமே வீண் என்று நான் சொல்லவரவில்லை. உண்மையில் ஒருவரை வருத்தியிருந்தால் அது வரத்தான் வேண்டும். ஒரு தாளை எடுத்து, நீங்கள் இல்லாத அந்த எட்டொன்பது மணித்தியாலத்தில் யாருக்கு என்ன கெடக்கூடும் என்று எழுதிப் பாருங்கள். மாமிக்கு நேரத்துக்கு மருந்தும் சாப்பாடும் வேண்டும். அது உண்மையான பொறுப்பு. மகனுக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்தில் ஒருவர் இருக்கவேண்டும். அதுவும் உண்மை. இவற்றுக்குத் தேவை ஒழுங்குதான், உங்கள் மனவேதனை இல்லை. மருந்து எந்த நேரத்துக்கு, சீனி சட்டென்று இறங்கினால் என்ன அறிகுறி, அப்போது என்ன கொடுப்பது என்பதெல்லாம் கணவருக்கும் மகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் வீட்டில் இருக்கும் நாளிலும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் அது. "மாமியின் முகம் மாறும்" என்பது இந்தத் தாளில் வராது. மச்சாளின் கேள்வியும் வராது.

அப்படியென்றால் மிச்சமுள்ள இவ்வளவு பாரமும் எங்கிருந்து வந்தது? அதை நீங்களே உண்டாக்கினீர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நம் சமூகம் பெண் வெளியே போவதை ஒருபோதும் முழுதாகத் தடுத்ததில்லை. போரில் கணவனை இழந்த பெண்கள் வடக்கிலும் கிழக்கிலும் தனியே நின்று குடும்பத்தைத் தூக்கினார்கள். அவர்களை யாரும் சுயநலக்காரிகள் என்று சொல்லவில்லை. பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு மத்திய கிழக்குக்கு வீட்டுவேலைக்குப் போகும் தாய்மாரின் காசில் எத்தனையோ வீடுகள் எழும்பியிருக்கின்றன. தேவைக்காகப் போனால் தியாகம் என்கிறோம். ஆசைக்காகப் போனால்தான் கேள்வி வருகிறது. உங்கள் வீட்டில் காசுக்குக் கஷ்டம் வந்து நீங்கள் சனிக்கிழமைகளில் வேலைக்குப் போயிருந்தால், இதே மாமியும் இதே மச்சாளும் "பாவம், எவ்வளவு பாடுபடுகிறாள்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். வீட்டில் நீங்கள் இல்லாத மணித்தியாலங்கள் இரண்டிலும் ஒன்றுதான்.

அந்தத் தாய்மாரையும் நாடு சும்மா விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2013 இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒரு விதி வந்தது. வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போக விரும்பும் பெண், தன் பிள்ளைகளின் வயதையும் அவர்களை யார் பார்ப்பார்கள் என்பதையும் காட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாமல் இருந்தது. அதே விமானத்தில் போகும் தகப்பனிடம் அப்படி ஓர் அறிக்கையை யாரும் கேட்கவில்லை. பிறகு 2022 இல், நாடு டொலர் இல்லாமல் தவித்தபோது, அந்த வயதெல்லை இரண்டாகக் குறைந்தது. தாய் இல்லாத வீடு பிள்ளைக்குக் கேடு என்று சொன்ன அதே அரசு, காசு தேவைப்பட்டதும் அளவுகோலை மாற்றிக்கொண்டது. நம் வீடுகளிலும் அளவுகோல் இப்படித்தான் மாறுகிறது. இந்த நாட்டில் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். தொழிற்படையிலோ ஆண்களில் பத்துக்கு ஏழு பேரளவில் இருக்க, பெண்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான். நன்றாகப் படித்த பெண்கள் இடையில் எங்கே போனார்கள் என்று கேட்டால், உங்களைப் போல வங்கி வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள்தான் பதில்.

இன்னொன்றும் சொல்ல ஆசைப்படுகிறேன். இது உங்களுக்கு உடனே பிடிக்காமல் போகலாம். "பிள்ளைகளுக்கு ஒரு முன்மாதிரியாக இருக்கத்தான் படிக்கிறேன்" என்று உங்கள் வாய் சொல்லத் தொடங்கினால், தயவுசெய்து அங்கேயே நிறுத்துங்கள். இப்படிச் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆனால் பிள்ளைகளின் பெயரில் வாங்கிய அனுமதியைப் பிள்ளைகளின் பெயராலேயே திருப்பிக் கேட்பார்கள். மகளின் பரீட்சை வரும், மகனின் பரீட்சை வரும், மாமிக்கு வருத்தம் கூடும். ஒவ்வொரு முறையும் "இப்ப பிள்ளைகளுக்கு முக்கியம் எது?" என்று யாராவது கேட்டால் உங்களிடம் மறுமொழி இருக்காது. "சின்னனில இருந்து ஆசை. அதுதான் படிக்கிறன்" என்பது முழுமையான காரணம். பட்டம் முடித்தபிறகும் சட்டத்தரணியாவதற்குப் புதுக்கடைச் சட்டக் கல்லூரியின் பரீட்சைகளும் பயிற்சிக் காலமும் இருக்கின்றன, "ஐம்பது வயசிலயோ கோட் ஏறப்போறாய்?" என்று அப்போதும் கேட்பார்கள். கோட் ஏறுவீர்களோ இல்லையோ, சட்டத்தைப் படித்தறிய ஆசைப்பட்டவர் அதைப் படித்தார் என்பதற்கு மேலே யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. கனடா மச்சாளுக்கும் அந்த ஒரு வரி போதும்.

இனிக் கணவர். "வேண்டாம் என்று சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்று சொல்லாமல் இருப்பதும் பாரத்தில் ஒரு பக்கத்தைத் தூக்குவதும் வேறு வேறு. அவர் மனமில்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. எல்லாம் சமைத்து, எடுத்து வைத்து, சொல்லி வைத்துவிட்டு நீங்கள் போவதால், தூக்க வேண்டிய பாரம் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். "கொஞ்சம் உதவி செய்யுங்கோ" என்று கேட்காதீர்கள். உதவி என்றால் வேலை உங்களுடையதாகவே இருந்துவிடும். இப்படிக் கதைத்துப் பாருங்கள்: "சனிக்கிழமை காலமை ஏழு மணியில இருந்து பின்னேரம் நாலு மணி மட்டும் வீட்டை நீங்கள் பாருங்கோ. அம்மாவின்ட மருந்து, மத்தியானச் சாப்பாடு, தம்பியின்ட வகுப்பு எல்லாம். அவசரமெண்டால் மட்டும் எனக்கு எடுங்கோ." சொல்லிவிட்டுப் பட்டியல் எழுதி ஒட்டாதீர்கள். வகுப்பில் இருந்து வட்ஸ்அப்பில் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்காதீர்கள். என்ன செய்யவேண்டும் என்று நினைவில் வைத்திருப்பதுதான் வீட்டு வேலையில் கண்ணுக்குத் தெரியாத பெரும் பங்கு. அதையும் சேர்த்துக் கைமாற்றினால்தான் உங்கள் தலை விரிவுரையில் நிற்கும். அவர் காலி வீதியில் சாப்பாட்டுப் பார்சல் வாங்கி வந்தால், அது அவர் சமாளித்த விதம். நீங்கள் திரும்பி வந்து குசினியைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருப்பதும் இந்த ஒப்பந்தத்தில் உங்கள் பங்கு. அவரின் சமையல் தேறக் காலம் எடுக்கும், எடுக்கட்டும்.

மாமியின் முகத்தை வாசித்து நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அது கோபமாக இருக்கலாம். நீங்கள் இல்லாத வீட்டில் தனக்கு ஏதும் நடந்துவிடுமோ என்ற பயமாகவும் இருக்கலாம். நீரிழிவோடு வயதானவர்களுக்கு அந்தப் பயம் சாதாரணம். ஒருநாள் பின்னேரம் தேத்தண்ணியோடு இருந்து, "மாமி, நான் படிக்கப் போற நேரம் உங்களுக்கு என்ன கஷ்டமா இருக்கு?" என்று கேளுங்கள். கேட்டபின் அவர் சொல்வதைச் சரிசெய்ய முடிந்தால் செய்யுங்கள். சரிசெய்ய முடியாத அதிருப்தி என்றால், அது அவருடையது. உங்களோடு எல்லா விஷயத்திலும் உடன்படாத ஒருவரோடும் அன்பாக ஒரே வீட்டில் இருக்கலாம்.

மகள் சொன்னதுதான் உங்களை ஆழமாகக் குத்திக்கொண்டிருக்கிறது. "அம்மா எப்ப பார்த்தாலும் புத்தகத்தோடதான்." இந்த வசனத்தில் குற்றச்சாட்டு இருக்கலாம், ஏக்கம் இருக்கலாம். கண்டதை அப்படியே சொல்லியும் இருக்கலாம். பதினைந்து வயதுப் பிள்ளைகள் மூன்றையும் ஒரே குரலில்தான் சொல்வார்கள். அவளிடமே கேட்டுவிடுங்கள். "உனக்கு என்னோட இருக்க நேரம் காணாதா?" என்று கேட்டால், ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லக்கூடிய வயதுதான். ஆம் என்றால் கிழமையில் ஒரு பின்னேரம் அவளுக்கு மட்டும். கடற்கரைப் பக்கம் நடந்துவரும் அரை மணித்தியாலமே போதும், அந்த நேரம் போன் வீட்டில் இருக்கட்டும்.

பிள்ளை மருத்துவராக இருந்து உளப்பகுப்பாய்வாளரான டொனால்ட் வினிகொட் என்ற ஆங்கிலேயர் 1950களிலேயே எழுதிவிட்டார்: பிள்ளைக்குப் பிழையே விடாத தாய் தேவையில்லை, போதுமான அளவு நல்ல தாய் தேவை. ஆரம்பத்தில் பிள்ளையின் எல்லாத் தேவைக்கும் ஓடிவரும் தாய், பிள்ளை வளர வளரக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தி வருவதும் வளர்ச்சிக்கு அவசியம் என்பது அவர் கருத்து. அந்த இடைவெளியில்தான் பிள்ளை தானாகச் சமாளிக்கப் பழகுகிறது. உங்கள் மகனுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமை தன் சாப்பாட்டைத் தானே போட்டுச் சாப்பிட்டுக் கோப்பையைக் கழுவி வைக்கலாம்.

இனி உங்கள் சந்தேகம். நல்ல புள்ளி வந்தது அதிர்ஷ்டம், தலையில் நிற்காதது உண்மை: இப்படித்தான் கணக்குப் பார்க்கிறீர்கள். நல்லது நடந்தால் காரணம் வெளியே, கெட்டது நடந்தால் காரணம் உங்களுக்குள்ளே. 1978 இல் அமெரிக்க உளவியலாளர்களான போலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் இதைத்தான் எழுதினார்கள். பட்டங்களும் பதவிகளும் பெற்ற பெண்களே, தாங்கள் தகுதியற்றவர்கள் என்றும் ஒருநாள் பிடிபடப்போகிறோம் என்றும் உள்ளூர நம்பிக்கொண்டிருந்தார்களாம். வெற்றி வந்தபின்னும் அந்த நம்பிக்கை மாறவில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வெற்றிக்கும் அவர்கள் வெளியே ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். உங்கள் ஒப்படையைத் திருத்தியவருக்கு உங்களைத் தெரியாது. உங்கள் மேல் இரக்கப்பட அவருக்குக் காரணம் இல்லை. அந்த ஒப்படையை மீண்டும் எடுத்து, எந்தப் பகுதிக்குப் புள்ளி கிடைத்தது என்று பாருங்கள். அந்தப் பகுதியை எழுதியது யார் என்பதற்கு வேறு பதில் இல்லை.

"தலையில் நிற்பதில்லை" என்பதற்கு வயதைக் குறை சொல்லுமுன் நித்திரையைப் பாருங்கள். பகலில் படித்தது நினைவில் உறுதிப்படுவதில் இரவு நித்திரைக்குப் பெரிய பங்குண்டு. மூன்றரைக்கு எழும்புகிறவருக்கு அந்த வேலை அரைகுறையாகவே நடக்கும். மூன்றாவது கறிக்கு நீங்கள் கொடுக்கும் விலை இதுதான்: சனிக்கிழமை விரிவுரையே உங்கள் தலையில் தங்காமல் போகிறது.

படிக்கும் விதத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். திரும்பத் திரும்ப வாசித்தால் விளங்கின மாதிரி இருக்கும், பரீட்சையில் வராது. ஒருமுறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதுகிறவர்களுக்கு, கிழமை கழிந்த பின்னும் அதிகம் நினைவில் நிற்கிறது என்று ரோடிகர், கார்பிக் என்ற ஆய்வாளர்கள் 2006 இல் காட்டினார்கள். ஒரு வழக்கை வாசித்தால் புத்தகத்தை மூடிவிட்டு, நடந்தது என்ன, சட்டக் கேள்வி என்ன, நீதிமன்றம் என்ன சொன்னது, ஏன் என்று நாலு வரி எழுதுங்கள். முதலில் இரண்டு வரிதான் வரும். அந்தத் தடுமாற்றத்தில்தான் பதிகிறது, அதைத் தோல்வி என்று எடுக்காதீர்கள். சாப்பாட்டு மேசையில் இருந்து படிக்கவும் வேண்டாம். அங்கே இருந்தால் "அம்மா" என்ற சத்தத்துக்கு உங்கள் காது திறந்தே இருக்கும். 57ஆவது ஒழுங்கையில் தமிழ்ச் சங்க நூலகம் உங்களுக்கு நடை தூரமாகத்தான் இருக்கும். கிழமையில் இரண்டு பின்னேரம் அங்கே போய் இருந்து பாருங்கள்.

இன்னொன்று. அழுகை, பசியின்மை, நித்திரை வராமை, எதிலும் விருப்பமின்மை இவை இரண்டு கிழமைக்கு மேல் தொடர்ந்தால் அதைப் படிப்பின் களைப்பு என்று தள்ளிவிடாதீர்கள். மருத்துவரைப் பாருங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றை நான் காணவில்லை, ஆனாலும் சொல்லிவைப்பது என் கடமை.

மகளின் பரீட்சை வருடம் பற்றிக் கேட்டீர்கள். ஒரு வருடம் முழுதாக நிறுத்தியவர்கள் திரும்பி வருவது கடினம். அடுத்த வருடத்துக்கும் ஒரு காரணம் வீட்டில் காத்திருக்கும். திறந்த பல்கலைக்கழகம் 1980 இல் தொடங்கியதே, வேலையையும் வீட்டையும் விட்டு வரமுடியாதவர்களுக்காகத்தான். எல்லாப் பாடங்களையும் ஒரே வருடத்தில் எடுக்க வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை. அடுத்த பதிவுக்கு முன்பு நாவலவுக்குப் போய், பாடங்களைக் குறைத்து எடுப்பதற்கான விதியை நேரில் விசாரியுங்கள். தொடர் மதிப்பீட்டில் தகுதி பெறாவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு இருக்க முடியாது என்பதால், ஒப்படைத் திகதிகளை மகளின் தவணைப் பரீட்சைத் திகதிகளோடு ஒரே கலண்டரில் குறித்து, இரண்டும் முட்டுகிற மாதங்களைப் பாருங்கள். அந்த மாதங்களில் எது முடியும் என்று மகளையும் பக்கத்தில் இருத்தியே கதையுங்கள், அவளுக்கும் அதில் சொல்ல ஏதாவது இருக்கும். பாடங்கள் இரண்டாகக் குறையலாம், ஒன்றாகவும் குறையலாம். பதிவுப் படிவத்தை மட்டும் நிரப்பாமல் விடாதீர்கள்.

அன்புடன்,
உளவளத்துணையாளர், கொழும்பு